புலிக்குப் பிடித்த கிலி: எதுகைச் சிரிப்பும் விடை வேண்டாக் கேள்வியும்

முர்ரே பி. எமனோ 1938இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். திராவிட மொழிக் கதைகளில் ஒரு கதைக்கூறாகவே வந்துவிடும் எதிரொலிச் சொல் பற்றியது அது. 'பணம் கிணம்', 'மாடு கீடு', 'பாம்பு கீம்பு' என்று நாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதுதான். எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்தவர். அதில் பெரும்பகுதி நீலகிரியில், தோடர்களோடும் கோத்தர்களோடும். அதே 1938இல் தோடா மொழியின் எதிரொலிச் சொற்களைப் பற்றி மட்டும் தனியாக இன்னொரு கட்டுரையும் எழுதினார். பின்னால் பர்ரோவுடன் சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியை (1961) உருவாக்கிய ஆள், சின்னப் பிள்ளைகள் வாயில் வரும் இந்த விளையாட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார். நான் படித்த பள்ளி இலக்கணத்தில் இரட்டைக்கிளவி இருந்தது, அடுக்குத்தொடர் இருந்தது, புலி கிலி இல்லை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஊருக்கு ஊர் மாறும். நான் கேட்ட வடிவத்தில் ஒரு மழை ராத்திரி, மாட்டுத் தொழுவத்தில் புலி பதுங்கியிருக்கிறது. உள்ளே கிழவி பேரனை அதட்டுகிறாள்: "வெளியில போவாதடா, புலி கிலி வந்துரும்." புலி யோசிக்கிறது. புலி நான். சரி. கிலி யாரு? என்னைவிடப் பெரிய ஆளா? அந்நேரம் பார்த்து மாடு திருட வந்தவன் இருட்டில் தடவி, கொழுத்த கன்று என்று நினைத்துப் புலியின் முதுகில் ஏறிக்கொள்கிறான். வந்துட்டான்யா கிலி என்று புலி ஓடுகிறது. விடியும்போது தான் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது திருடனுக்குத் தெரிகிறது. கிழவியும் பேரனும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் எழுத்து குறிலானால் கி, நெடிலானால் கீ. விதி இவ்வளவுதான். கன்னடத்திலும் ஏறக்குறைய இதுவே. (கிளிக்கும் கீரிக்கும் மட்டும் ஜோடி கிடைப்பது கஷ்டம்.) தமிழில் மட்டும் கூடுதலாக ஒரு வேடிக்கை நேர்ந்திருக்கிறது. கிலி என்றால் நமக்குப் பயம். புலிக்குக் கிலி பிடித்தது என்று சொன்னால் கதை முழுவதும் ஒரு வரியில் முடிந்துவிடும்.

அமைப்பியல் பேசிய காலத்துப் பாஷையில் சொல்வதானால் 'கிலி' குறிப்பீடு இல்லாத குறிப்பான். கிழவிக்கும் பேரனுக்கும் அது ஒரு பொருளின் பெயரல்ல; 'இன்ன பிற' என்று கையை வீசுவது போன்ற ஓர் ஒலி அசைவு. புலி மட்டும்தான் அதைப் பெயர் என்று நம்புகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு ஆள் நிற்பதாக எண்ணுவது பலசாலியின் வியாதி. போலீஸ் விசாரணை இப்படித்தான் கேட்கிறது, மக்கள்தொகைப் பதிவேடும் இப்படித்தான் கேட்கிறது: "நீ சொன்னியே கிலி, அவன் எங்க?" பகடியைப் பகடி என்று தெரிந்துகொள்ள அதிகாரத்துக்கு வழியில்லை என்ற அரசியலை நம் கிழவிகள் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நீலகிரியில் இணைச்சொல் என்பது வெறும் வேடிக்கையும் அல்ல. எமனோ 1971இல் வெளியிட்ட தோடர் பாடல்கள் தொகுப்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தோடர் பாட்டின் அலகு மூன்று அசை. ஓர் அலகு தனியாக வர முடியாது, அதற்கு இணையான இன்னொன்று கூடவே வந்தாக வேண்டும். அந்தச் சமூகத்தில் கவிஞர் என்று தனிச் சாதி இல்லை, யாரும் பாட்டுக் கட்டலாம், கட்டுகிறார்கள் என்கிறார் எமனோ. மிகச் சிறிய ஒரு மக்கள்கூட்டம் இது. இரண்டிரண்டாகச் சொல்வது இங்கே சிந்தனையின் வடிவம்.

இதே மலைக்கு வந்த இன்னொரு சொல் விளையாட்டுக்காரர் எட்வர்ட் லியர். ஓவியர், 1846இல் வந்த 'அபத்தப் புத்தகம்' மூலம் ஆங்கிலக் குழந்தைகளின் உலகத்தைத் தலைகீழாக்கியவர். வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்து 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கினார், 1875 ஜனவரி வரை துணைக்கண்டத்தைச் சுற்றினார். 1874இன் பிற்பகுதியில் நீலகிரிக்கு வந்து ஊட்டி, குன்னூர்ப் பக்கத்து மலைகளை வரைந்தார். அந்த ஆண்டு ஜூலையில் பம்பாய் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் அவருடைய ஒரு கவிதை வெளிவந்திருந்தது. தலைப்பு 'தி கம்மர்பண்ட்'. இடுப்பில் கட்டும் கச்சைக்கான பாரசீகச் சொல்.

அந்தக் கவிதை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு சீமாட்டி மாலை நட்சத்திரத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எதன் மேல்? டோபியின் மேல். டோபி அங்கே ஓர் இருக்கை மாதிரி. கான்சாமாக்கள் செடிகளாக முளைத்திருக்கிறார்கள். ஆயாக்கள் பச்சைப் பறவைகளாகக் கிளையில் அமர்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுத்தவர், சமைத்தவர், பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் ஆகியோரின் தொழிற்பெயர்களெல்லாம் ஒலி நயத்துக்காகத் தோட்டமாகவும் தட்டுமுட்டாகவும் ஆகிவிட்டன. அந்தப் பத்திரிகையைப் படித்த துரைமாருக்கு இந்தச் சொற்களின் அர்த்தம் தெரியும். தெரிந்ததால்தான் சிரித்தார்கள். வேலைக்காரரை மனிதர் என்ற கணக்கில் எடுக்காதது அன்றாட நடைமுறை. கவிதை அதை அழகான உளறலாக்கிக் கையில் கொடுத்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் அது சுலபமான வாசிப்பு. கவிதையின் முடிவில் கம்மர்பண்ட் ஒரு மிருகமாக வந்து அந்தச் சீமாட்டியை விழுங்கிவிடுகிறது. 1857க்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, ஓர் இந்தியச் சொல் துரைசானியைத் தின்கிறது! நம் கதையில் கிலி. அவர் கவிதையில் கச்சை. இரண்டிலும் பொருள் கழன்றுபோன ஒரு சொல் பிராணியாகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: நம் கதை புலியைப் பார்த்துச் சிரிக்கிறது, சொன்னவள் பத்திரமாக இருக்கிறாள். லியரிடம் பயப்பட வேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள். அவருக்கு இது தெரிந்திருந்ததா என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. நல்ல அபத்தக் கவிதை எழுதியவரின் வர்க்கத்தைத் தாண்டிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிடும்.

லியரின் இன்னொரு கவிதை முழுக்க முழுக்கக் கேள்விகளால் ஆனது. ஸ்வாத் பள்ளத்தாக்கின் ஆகுண்ட் யார், நெட்டையா குட்டையா, நாற்காலியில் உட்காருவாரா குத்துக்கால் வைப்பாரா என்று ஈரடி ஈரடியாகக் கேட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கேள்வியும் 'ஸ்வாத்' என்ற பெயரோடு இயையும் ஒரு சொல்லில் வந்து விழும். ஒன்றுக்கும் பதில் கிடையாது. குழந்தைகளுக்கு இது பிடிப்பது இயல்பு. ஆனால் அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தார். அப்துல் கஃபூர், சைது பாபா என்று மக்கள் அழைத்த மதத் தலைவர்; 1863 அம்பேலா போரில் பிரிட்டிஷ் படைக்கு எதிராக நின்றவர்; 1877இல் இறந்தார். கவிதை நூலாக வந்ததும் 1877 தேதியிட்ட தொகுப்பில்தான். எல்லைப்புறத்தில் படை அனுப்பும் அளவுக்குத் தெரிந்த ஒருவரை, லண்டன் வீட்டில் 'யாரது?' என்று கேட்டுச் சிரிக்க முடிகிறது. தெரியாமலிருப்பதையே ஒரு வேடிக்கையாக அனுபவிக்கும் வசதி அது.

நம் பக்கம் திரும்புவோம். தமிழில் குழந்தைக்கு முதலில் கொடுக்கப்பட்ட செய்யுள் ஆத்திசூடி: கட்டளைகளின் அகரவரிசை. பாரதி அதை உடைத்துப் 'புதிய ஆத்திசூடி' (1914) எழுதியபோது உள்ளடக்கம் புரட்சிகரமாக மாறியது. வடிவம் மாறவில்லை, 110 கட்டளைகள். அடுத்த ஆண்டு வந்த 'பாப்பா பாட்டி'லும் பாப்பா பேசவில்லை, பாப்பாவிடம் பேசப்படுகிறது. இதைப் பாரதிக்கு எதிரான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேசத்தைக் கட்ட வேண்டியிருந்தது, பிள்ளைகள் செங்கல்லாயின. இத்தனைக்கும் தொல்காப்பியச் செய்யுளியல் இலக்கிய வகை ஏழு என்று சொல்லும்போது அதில் 'பிசி'யையும் சேர்க்கிறது. விடுகதை நமக்கு இலக்கணத்திலேயே தகுதி பெற்ற வடிவம். அது பிறகு எங்கே போனது? பாட்டிகளிடமும் திண்ணையிலும் கிடந்தது. புலவர்கள் சிலேடையைத் தம் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். காளமேகம் வசையும் சிலேடையுமாக அமர்க்களப்படுத்தினார். பிள்ளைகளுக்கு மட்டும் நீதி.

அழ. வள்ளியப்பாவை (1922–1989) நம் தீவிர இலக்கியவாதிகள் யாரும் சீரியஸாக எடுத்துக்கொண்டதில்லை. வங்கி ஊழியர், எளிய சந்தம், பாடப்புத்தகக் கவிஞர். அவ்வளவுதான் மதிப்பீடு. 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது. அறிவுரை அவரிடமும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சேலத்து மாம்பழத்தைப் பற்றிப் பாடும்போது அவர் ஒன்றும் கற்பிக்கவில்லை, தின்னக் கூப்பிடுகிறார். அந்த இடத்தில் எதுகை பிள்ளையின் நாக்குக்காக வேலை செய்கிறது. ஒழுக்கத்தை மனப்பாடமாக்கும் பசையாக எதுகையைப் பயன்படுத்துவது வேறு, எதுகையே தின்பண்டமாக இருப்பது வேறு. கவிமணியிடமும் இந்த இரண்டாவது வகை அங்கங்கே தலைகாட்டும்.

இடதுசாரித் தோழர்கள் இதைப் படித்துவிட்டு, உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு உளறல் எதற்கு என்று கேட்பார்கள். ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். 1928 பிப்ரவரியில் 'பிராவ்தா'வில் குரூப்ஸ்காயா, கோர்னி சுகோவ்ஸ்கியின் 'முதலை' என்ற குழந்தைக் கவிதையைக் கடுமையாகத் தாக்கினார். முதலையின் வாழ்க்கையைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லாமல் உளறுகிறது என்பது குறை. கார்க்கி பரிந்து பேசினார். ஆனாலும் நெருக்கடி தாங்காமல் 1929 டிசம்பரில் சுகோவ்ஸ்கி தன் பழைய கதைகளைக் கைவிடுவதாகப் பத்திரிகையில் அறிவித்து, 'மகிழ்ச்சியான கூட்டுப்பண்ணை' பற்றிப் பிள்ளைகளுக்கு எழுதுவதாக வாக்களித்தார். எழுதவில்லை. நல்லவேளை.

அந்தச் சுகோவ்ஸ்கிதான் 'இரண்டிலிருந்து ஐந்துவரை' நூலில் இதற்கான பதிலையும் வைத்திருக்கிறார். இரண்டு வயது நிரம்பாத அவர் மகள் ஒருநாள் வந்து, நாய் 'மியாவ்' என்று கத்துகிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாய் எப்படிக் கத்தும் என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளைதான் இந்த ஜோக்கை அடிக்க முடியும். தலைகீழாக்குவது அறிவை வாங்கிக்கொண்டதற்கான கொண்டாட்டம். நம்மூரில் 1987இல் தொடங்கிய 'துளிர்' இதழும், பிறகு வந்த அறிவொளி இயக்கமும் ஏன், எப்படி என்ற கேள்விகளைப் பிள்ளைகளின் உரிமையாக்கின. அது பெரிய காரியம். ஆனால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பக்கத்திலேயே விடை தயாராக இருந்தது. விடையைத் தேடாமல் கேள்வியைக் கேள்வியாகவே சுழற்றிவிட்டுச் சிரிக்கும் பிள்ளைக்கு அங்கேயும் இடம் குறைவு. இங்கிலாந்தில் ஓபி தம்பதியர் 1959இல் வெளியிட்ட ஆய்வு காட்டியதுபோல, பள்ளிப் பிள்ளைகளின் பாட்டும் நக்கலும் பெரியவர் வழியாக வருவதில்லை. பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு, நம் காதுக்கு எட்டாமல் போகிறது.

கேள்வி என்றாலே நல்லது என்று நினைப்பவர்கள் தேயிலை மலைகளின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கைத் தோட்டத் தமிழரிடம் ஒரு கேள்வி கேட்டது. உன் அப்பன் இந்த மண்ணில் பிறந்தானா? இல்லையென்றால் உன் பாட்டன் பிறந்தானா? பாட்டன் மட்டும் போதாது, பூட்டனும் பிறந்தானா? நம் பிள்ளைகளின் சங்கிலிக் கேள்விக் கதைகளில் மீன் ஏன் காயவில்லை, புல் ஏன் மறைத்தது, மாடு ஏன் மேயவில்லை என்று போய்க் கடைசியில் எறும்புப் புற்றில் முடியும். தெலுங்கில் இது ஏழு மீன் கதையாக வீட்டுக்கு வீடு உண்டு. அரசு நடத்திய சங்கிலிக் கேள்வியின் முடிவில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள்.

அப்படி வந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் அது டான்டீ என்ற கழகமானது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் என்று தோட்டங்கள். வந்த பிள்ளைகளை இங்கே வரவேற்றதும் ஒரு கேள்விதான்: "நீங்க சிலோன்காரங்களா?" அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள். இந்த இடத்தில் எதுகை வேண்டியதில்லை.

சொற்களும் கூடவே வந்தன. விடியற்காலை ஆட்களை வரிசைப்படுத்தி எண்ணுவது அங்கே பெரட்டு, 'பரேடு' என்ற பட்டாளத்துச் சொல். செடியை வெட்டிவிடுவது கவாத்து. பட்டாளத்தில் அணிப்பயிற்சிக்கும் கவாத்து என்றுதான் பெயர். லைன், கங்காணி, துரை என்று தோட்டத்து அகராதி முழுக்க அணிவகுப்பும் எண்ணிக்கையுமாக இருக்கிறது. லியர் நம் தொழிற்பெயர்களைச் செடியாக்கினார் அல்லவா? தோட்டத்துப் பிள்ளைக்கு அதைத் திருப்பிப் போட எல்லாக் கருவியும் வாயிலேயே இருக்கிறது. கவாத்து பண்ணினால் கொழுந்து தழைக்கும் என்று தெரிந்த பிள்ளை, "தொரைய கவாத்து பண்ணுனா அவருக்குக் கொழுந்து வருமா?" என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? (இது என் இட்டுக்கட்டு. களத்தில் பதிவு செய்தது என்று யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.) இந்தக் கேள்விக்குத் துரையிடம் பதில் இருக்காது. மேஸ்திரியிடம் அடி இருக்கும். அடி விழாமல் கேட்பதற்குத்தான் எதுகை, சந்தம், 'சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் சார்' எல்லாம்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தபோது, ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இருபத்தைந்து பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கல்விக்கு வசதி செய்யும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. பன்னிரண்டில் நிறுத்தியதைக் கவனியுங்கள். அதற்குமேல் கேள்வி கேட்கும் வயது; கை கொழுந்துக்குத் தேவை. அதே மலையில் 1858இலிருந்து பட்டாளத்தார் பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது. மெக்காலே 1834இல் பென்டிங்கைச் சந்திக்க இந்த ஊட்டிக்குத்தான் ஏறி வந்தார். மறு ஆண்டு அந்தக் கல்விக் குறிப்பு. ஆங்கிலச் சிறுவர் பாடல்கள் இன்று குன்னூர் நர்சரிகளில் தோட்டத்துப் பிள்ளைகள் வாயிலும் ஒலிக்கின்றன. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவற்றில் பல அற்புதமான உளறல்கள். என் ஆத்திரம் வேறு: மாற்றாகத் தமிழில், படுகில், மற்ற மலைமொழிகளில் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் உளறல் வகுப்பறை வாசலிலேயே செருப்போடு கழற்றி விடப்படுகிறது.

சேகரித்தவர்களும் பெரியவர்களின் வாயைத்தான் பார்த்தார்கள். சார்லஸ் கோவர் 1871இல் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப்பாடல் நூலில் படகர் பாடல்களுக்குத் தனிப்பகுதி உண்டு. தென்னிந்தியரின் ஒழுக்க உயர்வை ஐரோப்பியருக்கு நிறுவுவது அவர் அக்கறை. ஆகவே மறுமை, பாவம், நீதி. பால் ஹாக்கிங்ஸ் 1988இல் கொண்டுவந்த பெரிய படகத் தொகுப்பின் தலைப்பே மூத்தோர் சொன்ன அறிவுரை: பழமொழி, வேண்டுதல், சகுனம், சாபம். மலையகப் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்; அடுத்த தேர்தலுக்குள் அவருக்கு வாக்களித்த மக்களுக்கு ஓட்டுரிமை பறிபோயிருந்தது. அந்த வலியோடு தொகுத்தவர் ஒப்பாரியையும் கங்காணியின் கொடுமையையும் முன்னால் வைத்ததில் நியாயம் இருக்கிறது. இந்த உழைப்புகளையெல்லாம் நான் குறைத்துப் பேசவில்லை. துயரம் ஆவணமாவதற்குத் தகுதி பெற்றுவிட்டது, சிரிப்பு இன்னும் பெறவில்லை என்கிறேன்.

பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டேப்பை நீட்டினால் பிள்ளை ஆத்திசூடி சொல்லும். டீச்சர் சொல்லிக்கொடுத்த பாட்டை அபிநயத்தோடு பாடும். பெரியவர் முன்னால் எது செல்லுபடியாகும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்காகக் காத்திருக்கும்போது, தராசில் முள்ளு எங்கே நிற்கிறது, கூடைக்கு என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களே, அதைக் கேட்க ஆராய்ச்சியாளர் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓர் ஆள், அர்த்தம் கேட்காமல்.